அவரவர் ஊர் வானம்

எங்கள் அடுக்ககத்தில் நீச்சல் குளம் ஒன்று இருக்கிறது. அதில் நீந்துகிறவர்களைவிட அதைப் பற்றிக் கூட்டம் போட்டுச் சண்டை பிடிக்கிறவர்கள் அதிகம். போன வாரம் தண்ணீர் பச்சையாகிவிட்டது என்று ஓர் ஆளைக் கூட்டிவந்திருந்தார்கள். அவர் குளத்தோரம் உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் வாளியில் நீலக் கற்களைப் போட்டுக் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தார். கீரைக்கட்டும் கையுமாக லிஃப்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நான் அங்கேயே நின்றுவிட்டேன். "மயில்துத்தமாண்ணா?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "ஆமாங்க்கா. கிட்ட வராதீங்க, கையெல்லாம் நீலமாப் போயிரும்" என்றார். கை நீலமாவதைப் பற்றி என்னிடம் எச்சரிக்கிறார், பாவம். பள்ளிக்கூடம் போகிறவரைக்கும் எல்லா அப்பாக்களுக்கும் உள்ளங்கை நீலமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

எங்களுக்குச் சுருளிப்பட்டிப் பக்கம் பன்னீர்த் திராட்சைத் தோட்டம். மழை ஈரத்தில் இலையில் பூசணம் பிடிக்காமலிருக்க மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துக் கொடிக்கு அடிப்பார்கள். அந்த நாட்களில் அப்பா உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை நீலமாக வந்து நிற்பார். எத்தனை தேய்த்தாலும் கை வெளுக்காது. சோற்றில் கை வைக்க வேண்டாம் என்று அம்மா கரண்டி கொடுப்பாள். அப்பாவுக்குக் கரண்டியில் சாப்பிட வராது, பாதிச் சோறு வேட்டியில் கிடக்கும். அந்த ஊறிய சுண்ணாம்பு வாசனையும் ரசத்தின் வாசனையும் என் மூக்கில் ஒன்றாகக் கலந்துபோனதால், இன்றைக்கும் எங்காவது சுவருக்கு வெள்ளையடித்தால் எனக்குப் பசிக்கிறது. என் வீட்டுக்காரர் இதை டாக்டரிடம் காட்ட வேண்டிய விஷயம் என்கிறார்.

திராட்சையைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் அப்பாவைப் புரியாது. கொடியை ஒட்ட வெட்டிவிடுவதற்குப் பெயர் கவாத்து. கவாத்துப் பண்ணி நான்கு மாதத்தில் பழம் கறுக்கும். கறுத்த பழத்தின் மேல் பலத்த மழை விழுந்தால் பழம் வெடித்துவிடும், அதோடு கதை முடிந்தது. அப்படியென்றால் மழை வராத நாளாகப் பார்த்துப் பழம் வரவைக்க வேண்டியதுதானே என்பீர்கள். எங்கள் பள்ளத்தாக்கில் மழையைக் கண்டவர் யார்? கேரளத்துப் பக்கமிருந்து ஒரு மழை வரும், மேகமலைப் பக்கமிருந்து ஒரு மழை வரும். ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஊற்றும், அந்தப் பக்கம் வெயிலில் வற்றல் காயும். கம்பத்தில் நனைந்துகொண்டே பஸ் ஏறி, உத்தமபாளையத்தில் ஈரத்தோடு இறங்கினால் ஊரே வேடிக்கை பார்க்கும்.

அதனால் அப்பா தோட்டத்தை இரண்டு பாதியாக வைத்திருந்தார். ஒரு பாதியில் முதலில் கவாத்து, ஒன்றரை மாதம் தள்ளி மறு பாதியில் கவாத்து. ஒன்றை மழை தின்றால் மற்றொன்று நமக்கு. ஊரில் பலரும் செய்கிற வேலைதான் இது. ஆனால் மற்றவர்கள் அதைத் தோட்டத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். எங்கள் அப்பா வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார்.

மல்லிகா அக்காவைத் தமிழ் மீடியத்தில் சேர்த்தார், என்னை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தார். காலம் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருத்தி தேறிக்கொள்வாளாம். சுருளி வேலப்பருக்கு ஒரு முடி கயிறு கட்டிக்கொண்டால், உத்தமபாளையத்துப் பள்ளிவாசலில் ஓதி வாங்கிய கயிறு ஒன்றும் அதே மணிக்கட்டில் இருக்கும். இரண்டும் நீலம் பாய்ந்து எது யாருடையது என்று அவருக்கே தெரியாது. வெளியூர் போவதென்றால் பஸ்ஸுக்கு நேரம் கேட்டுவைப்பார், ஜீப்புக்கும் சொல்லிவைப்பார், கடைசியில் யாராவது போகிற லாரியில் ஏறிக்கொள்வார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. அப்போதுதான் உத்தமபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கரண்டு இருந்தால் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பேன், போய்விட்டால் தட்டச்சு சொல்லிக்கொடுப்பேன். அப்பாவுக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது.

எங்கள் வீட்டு முற்றத்தில் எந்தப் பொருளும் ஓர் ஆளாலோ இரண்டு ஆளாலோ ஒரே தூக்கில் தூக்க முடியாதபடி இருக்காது. மிளகாய் கட்டிலில்தான் காயும், தரையில் காயாது. முதல் துளி விழுந்ததும் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. பேசுகிற பேச்சை அப்படியே விட்டுவிட்டு ஓடுவோம். சோற்றுத்தட்டை விட்டு ஓடியிருக்கிறோம். ஒரு தடவை ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா பாதி ஊசியில் எழுந்து ஓட, கம்பவுண்டர் பின்னாலேயே ஓடினார். இது புத்தியால் செய்கிற காரியம் இல்லை, கால் தானாகச் செய்யும். கோயம்புத்தூரில் இத்தனை வருஷம் குடியிருந்தும் எனக்கு இன்னும் போகவில்லை. ஆபீஸ் கூட்டத்தில் ஜன்னலில் துளி தெறித்தால் எழுந்து நின்றுவிடுவேன். எல்லாரும் நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று பார்ப்பார்கள். நான் அசடு வழிய உட்கார்வேன்.

இதில் ஒரே கோளாறு, அப்பா வாயிலிருந்து முழுதாக ஒரு வார்த்தை வராது. எதைக் கேட்டாலும் "பாப்போம்." சினிமாவுக்குப் போகலாமா, பாப்போம். புதுத்துணி எடுக்கலாமா, பாப்போம். சோறு போடட்டுமா என்று அம்மா கேட்டால்கூட ஒரு தடவை வானத்தைப் பார்த்துவிட்டு "பாப்போம்" என்பார். ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் என்று அம்மா பாடாத நாள் இல்லை. எனக்கு அதெல்லாம் சிரிப்பாக இருந்தது. அக்காவுக்குச் சிரிப்பாக இல்லை.

அக்காவுக்கு முன்பே இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. இரண்டும் நல்ல இடம். இரண்டு வீட்டாரும் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு இவர் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். இவர் "பாப்போம், இந்தப் பழவெட்டு முடியட்டும்" என்று சொல்லிச் சொல்லி, அவர்கள் சலித்து வேறு பக்கம் பெண் எடுத்துவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பெண்ணிடம் ஏதோ குறை என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா என்னிடம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னாள்: "எவுகளா இருந்தாலும் சரிடி. சொன்ன சொல்லுல நிக்கிற ஆளா இருக்கணும். பாப்போம்னு சொல்ற மனுசன்கூட இன்னொரு வீட்லயும் என்னால குப்பை கொட்ட முடியாது. இந்தத் தடவையும் அப்பா இழுத்தாருன்னா இனிமே எவனையும் பாக்க மாட்டேன், தோட்டத்தப் பாத்துக்கிட்டு இங்கனயே கெடந்துருவேன்." அவள் சொன்னால் செய்கிறவள்.

அந்த ஐப்பசியில் மறுபடி இரண்டு இடம் வந்தது, இரண்டும் ஒரே வாரத்தில். ஒன்று தேனியில் அரசு உத்தியோகம். இன்னொன்று பொட்டிப்புரத்தில் வாழை விவசாயம். இரண்டு பேருக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வசதி என்று தரகர் சொன்னார். வேறு யாராக இருந்தாலும் ஒருவரை அடுத்த வாரம் வரச் சொல்லியிருப்பார்கள். அப்பா மூளை கவாத்துக் கத்தரியோடு பிறந்த மூளை. யோசித்துப் பார்த்து, தரகரிடம் இப்படிச் சொல்லியனுப்பினார்: "ஞாயித்துக்கெழம மழ இல்லேன்னா தேனிக்காரவுக வரட்டும். வெள்ள வேட்டியும் காருமா வருவாக, நம்ம தெரு சேறானா அவுகளுக்குத் தோதுப்படாது. மழயா இருந்தா பொட்டிப்புரத்துக்காரவுக வரட்டும். அவுகளுக்கு மழயன்னைக்கு வேலயும் கெடயாது, சேறும் பழக்கந்தான்." வானம் எப்படி இருந்தாலும் ஒரு மாப்பிள்ளை உறுதி. நாள் வீணாகாது. சொல்லிவிட்டு அப்பா ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார்.

பள்ளத்தாக்கிலேயே பிறந்து வளர்ந்த மனிதர் எங்கே சறுக்கினார் என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். யார் ஊர் வானம் என்று அவர் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது எங்கள் ஊரில் மழையும் இல்லை, வெயிலும் இல்லை. சுருளி மலை மட்டும் தலையில் முக்காடு போட்டிருந்தது. தேனியில் நல்ல வெயிலாம். கார் வந்து நின்றது. மாப்பிள்ளை, அவருடைய சித்தப்பா, அத்தை மூன்று பேரும் இறங்கினார்கள். அப்பா அவர்களைக் கூடத்தில் உட்காரவைத்து, மின்விசிறியைப் போட்டு, "வானம் வெறிச்சிருச்சு" என்று ஊர்ப்பேச்சு பேசிக்கொண்டிருந்தார். அப்போது கொல்லைப் பக்கம் ஒரு ஜீப் சத்தம். சமையல்கட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தோம். தார்ப்பாயெல்லாம் தண்ணீர் வடிய ஒரு ஜீப். அதிலிருந்து தாம்பாளத்தைச் சேலை முந்தானையால் மூடிக்கொண்டு ஒரு அம்மா இறங்கினார்கள். பின்னால் ஒரு பெரியவர், நனைந்த சட்டையோடு ஓர் இளைஞர். "பொட்டிப்புரத்துல ஊத்து ஊத்துன்னு ஊத்துதுங்க. அதான் சொன்னபடி கெளம்பி வந்துட்டோம்" என்றார்கள் அந்த அம்மா, முகமெல்லாம் சிரிப்பாக.

எங்கள் அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அது ஒரு நிமிஷம்தான். அடுத்த நிமிஷம் அவள் ஒரு ராணுவத்தையே நடத்தக்கூடியவளாக மாறிவிட்டாள். "வாங்க வாங்க, நல்ல நேரத்துல வந்தீக. மொதல்ல தோட்டத்தப் பாருங்க, காத்தாட இருக்கும்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, என் காதைப் பிடித்துத் திருகாத குறையாக, "ஏத்தா, இவுகளத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போ. நான் ஆளு விடுற வரைக்கும் வீட்டுப் பக்கம் கொண்டாந்துறாத" என்றாள். தோட்டம் கொல்லைக்குப் பின்னால் கூப்பிடு தூரம். போகிற போக்கில் கேசரிச் சட்டியைப் பார்த்தேன். அம்மா ஏற்கெனவே கரண்டியால் நடுவில் கோடு போட்டுப் பாதியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். அப்பாவோடு வாழ்ந்த வாழ்க்கை சும்மா போகுமா?

அக்கா உள்ளறையில் பட்டுச்சேலை கட்டி உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, நானும் சேர்ந்துகொண்டேன், இரண்டு பேரும் தலையணையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டோம். பிறகு பார்த்தால் அவள் கண்ணில் நீர். "ரெண்டு பேரயும் பாத்துட்டு, ரெண்டு பேருக்கும் பாப்போம்னு சொல்லி அனுப்புவாரு. நீ வேணா பாரு" என்றாள். அவள் கண் மை கலைந்ததைத் துடைத்துவிட்டுத் தோட்டத்துக்கு ஓடினேன்.

திராட்சைத் தோட்டத்தில் பந்தல் தலைக்கு மேலே இருக்கும், நடப்பவர்கள் முகத்துக்கு நேரே குலை தொங்கும். முதல் பாதி கன்னங்கரேலென்று பழுத்திருந்தது. மறுநாள் காலையில் ராவுத்தர் வண்டி அனுப்புவதாக இருந்தது. அவர்தான் எங்களிடம் வழக்கமாகப் பழம் எடுக்கிற வியாபாரி. மறு பாதி இன்னும் பச்சைக்காய், வாயில் வைத்தால் காது வரை கூசும். பொட்டிப்புரத்து மாப்பிள்ளை அதிகம் பேசவில்லை. நான்தான், சும்மா இருக்கக்கூடாதே என்று, "ஒங்க பக்கம் வாழ எப்படி?" என்று கேட்டுவைத்தேன்.

"ஆடிக் காத்துல பூராஞ் சாஞ்சிருச்சு" என்றார், பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி.

"அய்யய்யோ. இப்ப?"

"மறுபடி நட்டுட்டேன்."

"வாழையேவா?"

"வாழதான். இந்தத் தடவ ஒண்ணோட ஒண்ணக் கயிறு போட்டுக் கட்டியிருக்கேன். நின்னா எல்லாஞ் சேந்து நிக்கும்."

"விழுந்தா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "எல்லாஞ் சேந்து விழுகும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும் வந்துவிட்டது. எங்கள் அப்பாவிடம் இதைச் சொன்னால் மயங்கி விழுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் என் மூக்கு நுனியில் ஒரு துளி விழுந்தது. நிமிர்ந்தால் சுருளி மலையைக் காணோம். கறுத்த பாதி முழுக்கக் கொடியில் தொங்குகிறது. மாப்பிள்ளை வீட்டார், மரியாதை, அம்மா சொன்ன கட்டளை எல்லாம் மறந்து, "மழ வருது, வெட்டணும், டிரே எடுத்துட்டு வாரேன்" என்று கத்திக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன். பின்னால் அவர் தன் பெரியப்பாவிடம் "மோட்டார் ரூம்ல கத்தரி தொங்குது பாருங்க" என்று சொல்வது கேட்டது.

கூடத்தில் அந்நேரம் தேனிச் சித்தப்பா முக்கியமான கட்டத்துக்கு வந்திருந்தார். "பொண்ணு நல்ல லட்சணம். நாங்க வீட்ல கலந்துக்கிட்டு..." என்று அவர் இழுக்க, அப்பா "நாங்களும் பாப்போம்..." என்று இழுக்க, ஓட்டில் நான்கு துளி விழுந்த சத்தம். அவ்வளவுதான். அப்பா எழுந்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், வந்தவர்களைத் தாண்டிக் குதித்து ஓடினார். காபித் தட்டோடு நின்ற அக்கா தட்டை மாப்பிள்ளை மடியில் வைத்துவிட்டு ஓடினாள். அம்மா ஓடினாள். தேனிக்காரர்கள் பேந்தப் பேந்த விழித்தார்கள். வீட்டில் தீப்பிடித்துக்கொண்டதோ, யாரேனும் கிணற்றில் விழுந்துவிட்டார்களோ என்று அவர்களும் அடித்துப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்கள். நல்ல மனிதர்கள், இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். நிலைமை புரிந்ததும் மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையின் கையைச் சுருட்டிக்கொண்டு ஒரு டிரேயைத் தூக்கினார். அத்தை குலை அறுத்தார். சித்தப்பா மட்டும் ஒரு குலை வெட்டுவதும் ஒரு பழம் தின்பதுமாக இருந்தார்.

பந்தலுக்கடியில் பாதித் தூரம் போனபோது சித்தப்பாவுக்கு எதிரே பொட்டிப்புரத்துப் பெரியப்பா வந்து நின்றார். இரண்டு பேர் கையிலும் கத்தரி.

"நீங்க இந்த ஊரா?" என்றார் சித்தப்பா.

"இல்லங்க, பொட்டிப்புரம். பொண்ணு பாக்க வந்தோம். நீங்க?"

"நாங்களுந்தாங்க."

"எந்த வீட்ல?"

"இந்த வீட்லதான்."

இரண்டு பேரும் மெல்லத் திரும்பி எங்கள் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா ஒரு குலைக்குப் பின்னால் முகத்தை மறைக்கப் பார்த்தார். பன்னீர்த் திராட்சைக் குலை சின்னது, அப்பா முகம் பெரியது. நான் சிரிக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது என்று டிரேயைக் கடித்துக்கொண்டிருந்தேன். மழை பலத்துவிட்டது. கோபப்பட்டுக் கிளம்பிப் போகவும் வழியில்லை, போனால் நனைய வேண்டும். எல்லாரும் பேசாமல் வெட்டினார்கள். ஒரு பெண்ணுக்கு வந்த இரண்டு மாப்பிள்ளை வீட்டாரும் ஒரே பந்தலுக்கடியில் முதுகோடு முதுகு இடித்துக்கொண்டு திராட்சை வெட்டிய ஊர் உலகத்தில் வேறு எங்காவது இருக்குமா?

கறுத்த பாதியை முக்கால்வாசி காப்பாற்றிவிட்டோம். அப்பாவுக்கு மூச்சு வந்தது. அப்போது அந்தக் கோடியிலிருந்து வாழை மாப்பிள்ளை ஒரு டிரேயைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து இறக்கினார். "அந்தப் பக்கம் ரெண்டு வரிச முடிச்சுட்டேன் மாமா" என்றார். டிரே நிறையப் பச்சைக்காய். பின்னால் அவர் அம்மா ஒரு டிரே. அதிலும் பச்சைக்காய். மறு பாதித் தோட்டம், கறுத்ததை மழை தின்றால் இது நமக்கு என்று அப்பா எடுத்துவைத்திருந்த பாதி, இரண்டு வரிசை மொட்டையாக நின்றது.

அப்பா ஒரு காயை எடுத்து வாயில் போட்டார். முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"இதக் காயின்னு தெரியலயா தம்பி?"

"பாதி கறுப்பு, பாதி பச்சயா இருந்துச்சு. ஓடப்பட்டிப் பக்கம் இருக்குமே வெதயில்லாப் பச்சத் தெராச்ச, அந்த ரகம்னு நெனச்சேன். கெட்டியாவும் இருந்துச்சு. கெட்டியா இருக்கையில வெட்டணும்ல?"

"தின்னு பாத்து வெட்டக் கூடாதா?"

"வாழக்காயத் தின்னு பாத்தா மாமா வெட்டுவாக?"

பெரியப்பா பதறிப்போய், "இருட்டிக் கெடந்துச்சு, நாந்தான் தெரியாம அந்தப் பக்கம் வெட்டச் சொல்லிட்டேன்" என்று குறுக்கே வந்தார். மாப்பிள்ளை அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். "அவுக சொல்லல. நான்தான் வெட்டுனேன். தப்பு என்னோடது" என்றார். தலை குனியவில்லை, அதற்காக விறைத்துக்கொண்டும் நிற்கவில்லை. அப்புறம், இதுதான் சமயம் என்று அவருக்கு எப்படித் தோன்றியதோ, அதே மூச்சில், "எனக்குப் பொண்ணப் பிடிச்சிருக்கு. ஆடிக் காத்துல வாழ போச்சு, கையில இப்ப ஒண்ணுமில்ல. வேற எடமும் நான் பாக்கல. இந்த ஒரு எடந்தான்" என்றார்.

அக்காவைப் பார்த்தேன். பட்டுச்சேலை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருந்தாள், கனகாம்பரம் கலைந்து காதில் தொங்கியது, மை வழிந்து தாடை வரை வந்திருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் பார்க்கக் கூடாத கோலம் எல்லாம் அவளிடம் இருந்தது. அவள் வாழை மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, எனக்கு இவுகதான். இப்பச் சொல்லுங்க."

"பாப்போம்த்தா. மழ விடட்டும், உள்ள போயி..."

"மழ விடாதுப்பா. இங்கனயே சொல்லுங்க."

சொல்லாவிட்டால் இவள் இந்தக் கொடிகளோடு கொடியாக இங்கேயே நின்றுவிடுவாள் என்பது எனக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. அப்பா பழக்கதோஷத்தில் வானத்தைப் பார்க்க நிமிர்ந்தார். பந்தலுக்கடியில் வானம் எங்கே இருக்கிறது? இலைதான் தெரிந்தது. தேனிக்காரரைப் பார்த்தார். அரசு உத்தியோகம், மாதம் பிறந்தால் சம்பளம், மழையோ காற்றோ தொட முடியாத மாப்பிள்ளை. பச்சைக்காய் டிரேயைப் பார்த்தார். கடைசியாக அக்காவைப் பார்த்தார். அவள் முகத்தில் இருந்த மையா, மழையா, வேறு ஏதாவதா, எதைக் கண்டாரோ, எங்கள் அப்பா வாய் திறந்து, "சரித்தா" என்றார்.

பின்னால் ஒரு "ஆனா" வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒரே கூத்து. அம்மா அழுதாள், பொட்டிப்புரத்து அம்மா எங்கள் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதார்கள், எதற்கென்று தெரியாமல் தேனி அத்தையும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "நாங்க மட்டும் என்ன யோக்கியம். சாயங்காலம் போடியில இன்னொரு பொண்ணு பாக்கப் போறோம்" என்று போட்டு உடைத்தார். அப்பாவுக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து, பிரித்துவைத்த இரண்டு பாதிக் கேசரியையும் தின்று தீர்த்தார்கள். கார் டிக்கியில் ஒரு டிரே கறுப்புத் திராட்சையோடு தேனிக்காரர்கள் போடிக்குக் கிளம்பினார்கள். அந்தத் திராட்சையைக் கொண்டுபோய்த்தான் போடியில் பெண்ணைப் பேசி முடித்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

மறுநாள் வந்த ராவுத்தர் பச்சைக்காயைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, "ஊறுகா போடுங்க, வேற வழியில்ல" என்று விளையாட்டாகச் சொன்னார். அம்மா நிஜமாகவே போட்டுவிட்டாள். எங்கள் தெரு முழுக்க அந்த வருஷம் திராட்சை ஊறுகாய்தான். அக்கா கல்யாணப் பந்தியிலும் அதையே வைத்தார்கள். பொட்டிப்புரத்துக்காரர்கள் இரண்டாவது முறை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள், அந்தக் குற்றத்தில் தங்களுக்கும் பங்கு உண்டென்று. கல்யாணத்தன்று அப்பா ஒரு தடவைகூட வாசலுக்கு வந்து மேலே பார்க்கவில்லை. மழை வந்தால் பந்தியை எங்கே மாற்றுவது என்று சித்தப்பா கேட்டதற்கு, "தெரியல" என்று சிரித்தாராம். சித்தப்பா யார் என்கிறீர்களா? தேனிச் சித்தப்பாதான். முதல் பத்திரிகை அவருக்குத்தான் போனது.

அத்தான் வாழை சில வருஷம் சேர்ந்து நின்றது, சில வருஷம் சேர்ந்து விழுந்தது. விழுந்த வருஷங்களில் அக்கா அழுததை நான் பார்த்திருக்கிறேன், ஒருநாள்கூடத் தேனி உத்தியோகத்தைப் பற்றிப் பேசியதில்லை. இப்போது அவர்கள் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையும் பெண்ணும் செல்போனில் பேசி முடிவு செய்து, எங்களிடம் நாள் மட்டும் சொன்னார்கள். நிச்சயதார்த்தம் எங்கள் ஊர் மண்டபத்தில். அப்பா காலமான பிறகு நானும் அக்காவும் தோட்டத்தை விற்றோம், அங்கேதான் அந்த மண்டபம் நிற்கிறது. உள்ளே முழுக்கக் குளிர்சாதனம், கண்ணாடி, செண்டை மேளம், பேசுகிறவர் வாய்க்குள் காதை வைத்தால்தான் பேச்சு கேட்கும்.

தட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது கண்ணாடிக்கு வெளியே வானம் கறுப்பதைப் பார்த்தேன். எழுந்துவிட்டேன். எதிர்வரிசையில் அக்காவும் எழுந்திருந்தாள், மேடையில் அத்தானும். மூன்று பேரும் எப்படியோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்து சேர்ந்தோம். நல்ல மழை. அக்காவுக்கு மூச்சு வாங்கியது, பட்டுச்சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்திருந்தாள். எதிரே வண்டிகள் வரிசையாக நின்று நனைந்துகொண்டிருந்தன, சிமெண்டுத் தரையில் தண்ணீர் ஓடியது. உள்ளே ஒருவருக்கும் மழை வந்தது தெரியவில்லை. எதை எடுத்து உள்ளே வைப்பது என்று மூன்று பேரும் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். எடுத்து வைக்க ஒன்றும் இல்லை.